அலையாத்தி வேருக்கு மூக்கு முளைத்த கதை

மரங்களுக்கு வாயும் நடையும் இருந்த அந்தக் காலத்தில், ஒரு கழிமுகத்தின் கடலோரச் சேற்றில் பல வகை மரங்கள் கூடி நின்றன. பிடிக்காத இடத்தில் எந்த மரமும் நிற்காது. வேரைப் பிடுங்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விடும். ஆனாலும் அந்தக் கழிமுகத்தை விட்டு ஒரு மரமும் போனதில்லை. தினமும் கடல் உள்ளே ஏறும், வேரை அலசும், இறங்கிப் போகும். அது இறங்கிய நேரத்தில் சேறு காற்று வாங்கும், மரமும் மூச்சு வாங்கும். மரத்துக்கு வேரிலும் மூச்சு உண்டு, தெரியுமோ இல்லையோ.

அங்கேதான் எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கடலையே பார்த்திராத மேட்டுக்காட்டு ஏரி ஜனங்கள். மழை பொய்த்து, ஏரி வறண்டு வெடித்து, ஆடு மாடு செத்து, கால் போன போக்கில் நடந்து வந்தவர்கள். அவர்களுக்கு மூத்தவன் உடையாண்டி. அவன் அப்பன் ஏரிக்கரைக் காவல்காரன். ஒரு வெள்ளத்தில் கரை உடைந்தபோது, உடைப்பில் தானே குறுக்கே படுத்து மண்ணோடு மண்ணாகப் போனவன். உடையாண்டியின் பெண்சாதி காத்தாயி. வரும் வழியில் அவர்களுடைய மூத்த பிள்ளை தண்ணீர் கேட்டுக் கேட்டே செத்துப்போனது. கழிமுகத்துக்கு வந்த பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. தூளி கட்ட இடம் தேடி அவள் அலைந்தபோது, கடல் பக்கம் நின்ற அலையாத்தி மரம் தானாகவே கிளையைத் தாழ்த்தியது.

"இதுல கட்டு தாயி. காத்தும் உண்டு, நிழலும் உண்டு."

அன்றைக்கு அதற்கும் மற்ற மரங்களைப் போலத்தான், வேரெல்லாம் மண்ணுக்குள்.

கடல் ஏறுவதைப் பார்த்து உடையாண்டி பூரித்தான். இறங்குவதைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயோ, இம்புட்டுத் தண்ணி வீணாப் போகுதே! மீனும் அதோட போகுதே! ஒரு கரை போட இங்க நாதி இல்லையா?"

சேற்றிலிருந்து ஒரு நண்டு எட்டிப் பார்த்தது. "போனா திரும்பி வரும் தம்பி. அதும்பாட்டுக்கு விட்டுடு."

"போன தண்ணி திரும்பி வந்து நான் பார்த்ததில்ல. நீ உன் வளைக்குள்ள போ."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மேட்டுக்காட்டில் தண்ணீர் ஒரு தடவைதான் வரும். பிடித்து வைத்தவன் பிழைப்பான், விட்டவன் சாவான். அந்தப் பாடத்தைப் பிள்ளையைப் பறிகொடுத்துப் படித்தவன் அவன். ஊருக்கு ஊர் தண்ணீரின் குணம் வேறு என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நண்டு சொன்னது. நண்டு பேச்சை யார் கேட்கிறார்கள்!

ஊரே மண்வெட்டி எடுத்தது. கடல் இறங்கிய நேரமெல்லாம் முகத்துவாரத்தின் இரு பக்கமும் கரை எழுப்பினார்கள். கடல் நன்றாக ஏறிய ஒரு நாளில், நடுவில் விட்டிருந்த வாயைக் கிளையும் களிமண்ணும் போட்டு அடைத்துவிட்டார்கள். கழிமுகம் ஏரி மாதிரித் தளும்பியது. மீனைக் கையாலேயே அள்ளினார்கள். மூத்த பிள்ளையைப் புதைத்த பிறகு காத்தாயி சிரித்தது அன்றைக்குத்தான்.

எல்லாம் கொஞ்ச காலம். நின்ற தண்ணீர் வெயிலில் சூடேறியது, கரித்தது, பிறகு நாறியது. மீன் வயிறு வெளுத்து மிதந்தது. அதைத் தின்ற ஜனங்கள் காய்ச்சலும் பேதியுமாகச் சுருண்டார்கள். வேர் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடந்ததால் மரங்களுக்கு மூச்சு முட்டியது.

"உடையாண்டி, வாயைத் திறந்து விடுப்பா," என்று மரங்கள் கெஞ்சின.

"ஒரு மழை பெய்யட்டும், எல்லாம் சரியாப் போயிடும்," என்றான்.

கேட்டுக் கேட்டு அலுத்து, மரங்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கின. புன்னை போனது, பூவரசு போனது, புங்கன் போனது. அலையாத்திக் கூட்டமும் கிளம்பியது. அந்த நேரத்தில் கடல் மேலிருந்து பறந்து வந்த நாரை ஒன்று, "கடல் கறுத்துக் கிடக்கு, பெருங்காத்து வருது. மரம் இல்லாத கரையில ஒரு உசுரும் மிஞ்சாது," என்று கத்திக்கொண்டே போனது. ஜனங்களுக்கோ எழுந்து ஓடக் காலில் தெம்பில்லை.

காத்தாயி தூளி மரத்தைக் கட்டிக்கொண்டாள்.

"நீ போகாதே. ஒண்ணை வழியில புதைச்சிட்டு வந்தேன். இதையும் புதைக்க என்னால ஆகாது."

"நிக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா தாயி? மூச்சு இல்லையே," என்றது அலையாத்தி.

ஆனால் அது தூளிக்குள் பார்த்தது. குழந்தை விரல் சூப்பிக்கொண்டு தூங்கியது. மரம் பிடுங்கிய வேரை மறுபடியும் சேற்றில் இறக்கியது. பிறகு அதுவரை எந்த மரமும் செய்யாததைச் செய்தது. வேரின் நுனிகளை மேல் நோக்கித் திருப்பியது. சேற்றைப் பொத்துக்கொண்டு விரல் விரலாக வேர்கள் எழுந்தன. அதைப் பார்த்த மற்ற அலையாத்திகளும் நின்று, அப்படியே செய்தன. ஆனால் விரல் நீளம் எங்கே, தேங்கிய தண்ணீரின் ஆழம் எங்கே!

"என்னால ஆனது இவ்வளவுதான். இனி உங்க கையில இருக்கு," என்றது மரம்.

காத்தாயி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியோடு கரைக்கு ஓடினாள். உடையாண்டி குறுக்கே வந்து நின்றான்.

"கரையை வெட்டுனவ கையை வெட்டணும். அது நம்ம ஊரு நியாயம். தெரியுமில்ல?"

"தெரியும் மச்சான். வெட்டிக்க. அதுக்கு முன்னாடி புள்ளைய வாங்கிக்க. கையில்லாம நான் எப்படித் தூக்குறது?"

ஏரி ஜனங்களிடம் கொலைகாரனுக்குக்கூட மன்னிப்பு உண்டு, கரையை உடைத்தவனுக்குக் கிடையாது. அவன் அப்பன் உயிரைக் கொடுத்தது ஒரு கரைக்காக. உடையாண்டி கரையைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான். தண்ணீருக்கு அடியில் மரத்தின் வேர்கள் எட்ட முடியாமல் தவிப்பதையும் பார்த்தான். பிறகு அவள் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கினான்.

"அப்பா, என்னை மன்னிச்சிரு," என்று வாய்விட்டு அழுதுகொண்டே முதல் வெட்டு வெட்டினான்.

நாறிய தண்ணீர் கடலுக்கு ஓடியது. வேர்கள் தலை தூக்கி மூச்சை இழுத்த சத்தம் ஊருக்கே கேட்டது. அடுத்து கடல் ஏறியபோது, புதுத் தண்ணீர் யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்தது. உடையாண்டி உடைப்பின் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாரை சொன்ன பெருங்காற்று வந்தது. கடல் எழுந்து வந்து அலையாத்திகள் மேல் மோதியது. அவை தோளோடு தோள் நின்று வாங்கிக்கொண்டன. குடிசைகளுக்கு முழங்கால் தண்ணீர்தான் வந்தது. காத்தாயியின் பிள்ளை பிழைத்தது. ஆனால் கடலுக்கு முன்னால் நின்ற தூளி மரம் நெடுநாள் மூச்சு முட்டி நலிந்த மரம். அது தாங்கவில்லை. விடிந்தபோது சாய்ந்து கிடந்தது. காத்தாயி அதன்மேல் விழுந்து, பெற்ற தாய்க்கு அழுவது போல அழுதாள். ஒரு சுள்ளியைக்கூட யாரும் அடுப்புக்கு எடுக்கவில்லை. உள்நாட்டுக்கு ஓடிய மரங்கள் சேதி கேட்டு வெட்கப்பட்டு நின்றவைதான், அதற்குப் பிறகு எங்கேயும் நடக்கவில்லை.

அன்று முதல்தான் அலையாத்தி, கடல் வாயிலேயே நின்று, வேரைச் சேற்றுக்கு மேலே நீட்டி மூச்சு விடுகிறது. எங்கள் ஆட்களும் அன்று முதல்தான் மழைக்காலம் பிறக்கும் முன்னே சேற்றில் இறங்கி, தூர்ந்த வாய்க்கால்களை வெட்டிக் கடலுக்கு வழி விடுகிறார்கள். முதல் வெட்டு வெட்டுகிறவன் எவனாக இருந்தாலும், தன் அப்பனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மண்வெட்டியை ஓங்குகிறான்.