ஃப்ரீசர் கூப்பிட்ட நம்பர்

கஸ்பார் வந்தபோது பாலை வாஷ்பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

குறைமாதக் குழந்தைகளுக்காகத் தாய்மார் கொடுத்துவிட்டுப் போகும் பால். ஆஸ்பத்திரியின் பால் அறையில், சின்னச் சின்ன பாட்டில்களில், ஃப்ரீசருக்குள் கல்லாக உறைந்திருக்கும். ராத்திரி ஃப்ரீசர் நின்றுபோயிருந்தது. எல்லாம் உருகி, அறை முழுக்கப் புளித்த வாடை.

நர்ஸ் ஜெபக்கனி ஒவ்வொரு பாட்டிலாகத் திறந்து கவிழ்த்தாள். மேலே ஒட்டியிருந்த பெயரை கஸ்பார் படித்தார். அமலி. அடுத்ததும் அமலி.

அமலியின் குழந்தை இதே வார்டில்தான் இருந்தது. இருந்து, போய்விட்டது. பால் மட்டும் நிற்கவில்லை. "பிழிஞ்சு கீழ கொட்ட மனசு வரல்ல, யாருக்காவது குடுங்க" என்று அதற்குப் பிறகும் சாயங்காலமானால் வந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். இன்றைக்கும் வருவாள்.

"ஃப்ரீசர் சூடானா போன் அடிக்கும்னு சொன்னீங்களே, அண்ணாச்சி," என்றாள் ஜெபக்கனி, திரும்பிப் பார்க்காமல். "ராத்திரி பூரா போனைக் கையிலயே வச்சிருந்தேன்."

கஸ்பார் அடுத்த பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அவர் அந்த ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். ரிட்டையர் ஆகப்போகிற வயதில் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்டு, கன்னியாஸ்திரி சிஸ்டர் லெயோனியிடம் மாணவராகச் சேர்ந்தவர். சிஸ்டருக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் குருவுக்கு முன்னால் உட்காரமாட்டார், கட்டளை எழுதுகிற கறுப்புத் திரையில், டெர்மினலில், நின்றுகொண்டேதான் தட்டுவார். "பூசைக்கு நிக்கிற மாதிரி நிக்காதீங்க, அண்ணாச்சி, உக்காருங்க" என்று சிஸ்டர் சிரிப்பார்.

இன்றைக்கு சிரிப்பில்லை. சிஸ்டர் வந்தார். காலி ஃப்ரீசரைப் பார்த்தார். அலாரத்துக்காக ஃப்ரீசரோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"நேத்து என்ன செஞ்சீங்க?"

"டூட்டி போன் நம்பர் மாறியிருந்துச்சு, சிஸ்டர். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே டெர்மினலைத் திறந்து, நம்பருக்குன்னு இருக்கிற வேரியபிள்ல புது நம்பரைப் போட்டேன். அதிலயே அலாரம் புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டேன். ஃப்ரீசர் கதவைத் திறந்து வச்சு டெஸ்ட்டும் பண்ணினேன். போன் அடிச்சுது. ஜெபக்கனி பதறிப்போய்க் கீழ போட்டுட்டா. எல்லாரும் சிரிச்சோம்."

"அப்ப நீங்க இங்க இருந்தீங்க."

"ஆமா."

"அப்புறம்?"

"லாக் அவுட் பண்ணிட்டு வீட்டுக்குப் போனேன்."

சிஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "திரும்பப் போடுங்க."

கஸ்பார் முதல்தடவையாக உட்கார்ந்தார். நம்பரைப் போட்டார். என்ன நம்பர் என்று கம்ப்யூட்டரைக் கேட்டார். சொன்னது.

சிஸ்டர் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி லாக் அவுட் செய்தார். மறுபடியும் லாகின் செய்தார். "இப்பக் கேளுங்க."

கேட்டார். நம்பரில்லாத வெற்று வரிதான் வந்தது.

ஷிப்ட் மாறும்போது நர்ஸ் புதிதாக லாகின் செய்வாள். அதோடு அலாரம் புரோகிராமும் புதிதாகக் கிளம்பும். யாரைக் கூப்பிட என்று வேரியபிளைப் பார்க்கும். அங்கே ஒன்றுமில்லை. ஃப்ரீசர் உருக உருக, யாருமில்லாத நம்பரை அது கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"நான் சொன்னது அதுக்கு ஏன் ஞாபகம் இல்ல, சிஸ்டர்?"

"யார்கிட்ட சொன்னீங்க?"

"கம்ப்யூட்டர்கிட்டதான்."

"டெர்மினல்கிட்ட. அது உங்ககூடவே கிளம்பிப் போயிருச்சு."

ஃப்ரீசரைச் சரிசெய்ய கஸ்பாருக்கு அதிக நேரமாகவில்லை. அது அவருக்குத் தெரிந்த வேலை. மத்தியானம் மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, நம்பரை ஒரு ஃபைலுக்குள்ளேயே எழுதினார். லாக் அவுட், லாகின். டெர்மினலைத் திறந்தார். நம்பர் இருந்தது.

"நிலைச்சிருச்சு, சிஸ்டர்!"

"புரோகிராமைக் கேட்டீங்களா?"

புரோகிராமிடம் இல்லை.

"இதென்ன கூத்து! நான் பாத்தா இருக்கு, அது பாத்தா இல்லியே."

"அந்த ஃபைலை எப்ப வாசிக்கும்?"

யோசித்தார். "டெர்மினலைத் திறக்கும்போது."

"ராத்திரி இங்க யாரு டெர்மினல் திறப்பா?"

ராத்திரி டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்த ஜெபக்கனியின் முதுகை கஸ்பார் பார்த்தார். அந்த வார்டில் டெர்மினல் திறக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

லாகின் ஆகும்போதே வாசிக்கப்படும் ஃபைல் வேறு. அதைத் தேடி, அதில் எழுதினார். லாக் அவுட், லாகின். இந்தத் தடவை அவர் எதையும் திறக்காமலே புரோகிராமிடம் நம்பர் இருந்தது.

அவர் சந்தோஷப்படவில்லை. நேற்று, கிளம்புவதற்கு முன், ஒரு தடவை திரும்ப லாகின் செய்து பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் வேலை. பஸ் போய்விடும் என்று ஓடியிருக்கிறார்.

சாயங்காலம் அமலி வாசலில் செருப்பைக் கழற்றுவது தெரிந்தது.

"நீங்க சொல்லிருங்க, சிஸ்டர்," என்று கஸ்பார் முணுமுணுத்தார்.

சிஸ்டர் எழுந்திருக்கவில்லை.

கஸ்பார்தான் எழுந்தார். "உன் பால் கெட்டுப்போச்சு, தாயி. ஃப்ரீசர் நின்னுருச்சு. அலாரம் கூப்பிடுற நம்பரை நான்தான் ஒழுங்கா வைக்கல்ல."

"எல்லாமா?"

"எல்லாம்."

அமலி பையின் காதைப் பிடித்தபடி நின்றாள்.

"அவன் இருக்கும்போது பிழிஞ்சதும் அதுலதான் இருந்துச்சு," என்றாள். "அவன் குடிச்சது போக மிச்சம்."

கஸ்பார் தலையைக் குனிந்துகொண்டார். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தாள். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இதை உள்ள வச்சா இருக்குமா, சிஸ்டர்?"

இருக்கும் என்று சொல்ல கஸ்பார் வாயெடுத்தார். அவரும் சிஸ்டரையே பார்த்தார்.

சிஸ்டர் காலி ஃப்ரீசரின் கதவை நன்றாகத் திறந்து வைத்தார். லாக் அவுட் செய்தார். ஜெபக்கனியைக் கூப்பிட்டு லாகின் செய்யச் சொன்னார். டூட்டி போனை எடுத்து அமலியின் கையில் கொடுத்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. வா, எல்லாரும் வெளிய போய் நிப்போம், போன் அடிக்குதான்னு பாக்கலாம்."

கஸ்பார் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே நின்றார்.

"நீங்களும்தான், அண்ணாச்சி."