பஞ்சாரத்தைத் தூக்கியது யார்?

அந்தக் காலத்தில் கோழிகளுக்கும் பேச்சு இருந்தது. இருந்து என்ன பயன்? கேட்கிறவர்கள் அப்போதும் இப்போது போலத்தான் இருந்தார்கள்.

கரிசல் காட்டோரத்து ஊர் ஒன்றில் ஒய்யம்மாள் என்றொருத்தி இருந்தாள். கோழி வளர்ப்பில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொன்னது. ஊரைவிட அவளே அதிகம் சொன்னாள். உப்பு வண்டிக்காரன் ஒருவன் ஒரு சோடி கின்னிக்கோழிகளை அவளிடம் விட்டுப்போனான். சாம்பல் உடம்பில் வெள்ளைப் புள்ளிகளை அள்ளித் தெளித்தாற்போல இருக்கும். மழையே காணாத தூரத்துக் காட்டிலிருந்து வந்த பறவைகள். அப்போது அவற்றுக்கு மெல்லிய குரல், பக்கத்தில் போனால்தான் காதில் விழும்.

பெட்டை முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்தது. தாயையும் குஞ்சுகளையும் சேர்த்து ஒய்யம்மாள் பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடினாள். பக்கத்துப் பஞ்சாரத்தில் ஒரு நாட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு இருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விடிகிறபோது, வாசல் தெளிக்கும் முன்பே, பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளை வெளியே விட்டுவிட வேண்டும். வெளிச்சம் வந்த பிறகும் மூடிக் கிடந்தால், அந்த வீட்டுக்காரி சோம்பேறி என்று கிணற்றடியில் பேச்சு கிளம்பிவிடும். ஊரிலேயே முதலில் தூக்கப்படுவது ஒய்யம்மாள் வீட்டுப் பஞ்சாரம்தான். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

அது மார்கழி மாதம். கின்னித்தாய் முதல் நாள் சாயங்காலமே அவளிடம் சொல்லிவிட்டது.

“ஆத்தா, நாளைக்கு வெயில் ஏறின பெறகு தூக்கு. எங்க காட்டுல பனி கெடையாது. புல்லு ஈரம் பட்டா எம்புள்ளைக வெறைச்சுப் போகும்.”

ஒய்யம்மாளுக்குச் சுருக்கென்றது. “எத்தனை கோழிக்கு அடை வச்சவ நான்? நேத்து வந்தவ நீ எனக்குச் சொல்லித் தாறியா?” என்றாள்.

கின்னித்தாய் விடவில்லை. கெஞ்சியது. நாட்டுக்கோழியையும் எடுத்துச் சொல்லும்படி கேட்டது. தன் குஞ்சுகளுக்குப் பனி ஒன்றும் செய்ததில்லையே என்று நாட்டுக்கோழி இழுத்தது. இரண்டும் ஒரே சாதிக் குஞ்சா என்று யோசிக்க அங்கே யாருக்கும் பொறுமை இல்லை.

மறுநாள் விடியும்போது ஒய்யம்மாள் வந்தாள். பக்கத்து வீட்டுத் தவிட்டம்மாள் விளக்குமாறோடு வெளியே வருவதைப் பார்த்தாள். அவ்வளவுதான், இரண்டு பஞ்சாரங்களையும் தூக்கிவிட்டாள்.

குஞ்சுகள் ஓடின. பிறந்த குஞ்சுக்குப் புல்லைக் கண்டால் ஓடத்தானே தெரியும்? தாய் பின்னால் ஓடிக் கூப்பிட்டது, சிறகை விரித்தது, அகப்பட்டதை எல்லாம் அணைத்தது. அதன் சிறகும் நனைந்துதான் இருந்தது. நாட்டுக்கோழிக் குஞ்சுகள் உடம்பை உதறிவிட்டு இரை பொறுக்கின. கின்னிக் குஞ்சுகள் நடுங்கி நடுங்கி ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்தன. வெயில் வந்தபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தவிட்டம்மாள் வேலியோரம் வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். தப்பு செய்தது சரி, அதை ஒப்புக்கொண்டாலாவது பெற்ற மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். ஒய்யம்மாளுக்கோ கிணற்றடிப் பேச்சுதான் கண்முன் நின்றது.

“தாய்க்காரி சரியில்ல. பொறுப்பத்த கழுதை, பனியில இழுத்துட்டுப் போய்க் கொன்னு போட்டுருச்சு” என்றாள்.

பெற்றதைப் பறிகொடுத்தவள் மேலேயே பழி! கின்னித்தாய் நாட்டுக்கோழியின் பக்கம் திரும்பியது. முதல் நாள் கெஞ்சியதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தது அது ஒன்றுதான். அந்த வீட்டுத் தவிட்டைத் தின்கிற நாட்டுக்கோழியோ தலையைக் குனிந்து மண்ணைக் கிளறியது.

அப்போதுதான் கின்னித்தாய் முதன்முதலாகக் குரலை உயர்த்தியது. பஞ்சாரத்தைத் தூக்கியது நீ என்று கத்தியது. வேலியில் ஏறிக் கத்தியது, கூரையில் ஏறிக் கத்தியது. ஊர் காதைப் பொத்திக்கொண்டது. கத்திக் கத்தி வார்த்தைகள் தேய்ந்து, கடைசியில் சத்தம் மட்டும் மிஞ்சியது. அதன்பின் எந்தப் பஞ்சாரத்துக்குள்ளும் அது அடைய வரவில்லை. மரத்தில் அடைந்தது. முட்டையைப் புதருக்குள் ஒளித்து இட்டது. ஒய்யம்மாள் அதையும் தேடி எடுத்து வந்து நாட்டுக்கோழியின் அடியில் வைத்தாள். குற்றமுள்ள நாட்டுக்கோழி மறுபேச்சுப் பேசாமல் அடைகாத்தது.

இன்றும் கின்னிக்கோழி வாங்கப் போனால், தாயிடம் குஞ்சை விடாதே, அதற்கு வளர்க்கத் தெரியாது என்றுதான் முதலில் சொல்லித் தருகிறார்கள். ஒய்யம்மாள் சொன்ன பொய் அப்படியே நிற்கிறது.

அன்று முதல்தான் வேலிப்பக்கம் யார் தலை தெரிந்தாலும் கின்னிக்கோழி தொண்டை கிழியக் கத்துகிறது. காவலுக்கு நல்ல பறவை என்று நாமும் வாங்கி விடுகிறோம். அது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நம்மைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறது.