மூலையில் ஒரு ஒன்று

பால்துரை பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார், வயது ஐம்பத்தொன்று. அவருடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டி மதுரவல்லிக்கு முப்பத்துநாலு. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவர் பதிவு ரத்தாகிவிடும். திங்களன்றே விலகல் கடிதத்தோடு வந்து நின்றார்.

“போதும் மேடம். இந்தச் சனியனோட ஏழு மாசமா மாரடிச்சாச்சு.”

சனியன் என்றது ஓர் அணியை, அதாவது எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய மேட்ரிக்ஸை. வலது மேல் மூலையில் ஒரே ஒரு 1, மற்ற இடமெல்லாம் பூஜ்யம். லீ இயற்கணிதம் என்ற தொகுப்பின் அணிகளை, லீ குலம் என்ற இன்னொரு தொகுப்பின் அணிகளால் இரு பக்கமும் பெருக்கி எப்படிப் புரட்டினாலும் மதிப்பு மாறாத பல்லுறுப்புக்கோவைகளை ஒன்று விடாமல் கட்டுவதுதான் அவர் வேலை. கட்டிவிட்டார். இனி வேறு கிடையாது என்று நிரூபித்தும் விட்டார். ஆனால் இந்த அணியை எந்தக் கோவையில் போட்டாலும், முழுப் பூஜ்ய அணிக்கு வரும் அதே விடைதான் வந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டும் கோவை ஒன்று விட்டுப்போச்சு, நிரூபணம் ஓட்டை என்று மனுஷர் தானே முடிவு கட்டிக்கொண்டார்.

மதுரவல்லி கடிதத்தைப் படிக்கவில்லை. திருப்பிப் போட்டு அதன் முதுகில் அந்த அணியை எழுதினாள்.

“மேடம், அது ஒரிஜினல்!”

“இருக்கட்டும். மூலையில இருக்கிறது சின்னதாகிற மாதிரி புரட்டுங்க சார்.”

புரட்டினார். 1 கால் ஆனது.

“இன்னொரு தடவை.”

பதினாறில் ஒன்று.

“இன்னும்.”

அறுபத்துநாலில் ஒன்று. பால்துரைக்கு எரிச்சல் தலைக்கேறியது. “இப்படியே போனா பூஜ்யத்தை ஒட்டிக்கிட்டு நிக்கும். அதுக்கென்ன இப்ப...”

பேனா நின்றது. புரட்டினால் மதிப்பு மாறாது. பூஜ்யத்தை ஒட்டிப் போவதற்குப் பூஜ்யத்தின் மதிப்புதான் வரும். எந்தக் கோவையாலும் இதைப் பிரிக்க முடியாது.

“அப்ப என் நிரூபணம்?”

“சரிதான்.”

“ஏழு மாசம் மேடம்! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நிரூபணம் தப்புன்னு இன்னைக்குத்தானே சொல்றீங்க.”

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. “எதில போட்டாலும் பூஜ்யத்தோட விடைதான்னா, இது இருந்தா என்ன, இல்லாட்டா என்ன? நான் ஏழு மாசம் லோல்பட்டதும் அதே கதிதானே?”

மதுரவல்லி அணிக்குப் பக்கத்தில் ஒரு வெக்டரை, எண்களின் ஒற்றை நிரலை, எழுதினாள். அதன் அடியில் 1, மேலெல்லாம் பூஜ்யம்.

“பெருக்குங்க.”

பெருக்கினார். அடியிலிருந்த 1 உச்சிக்குப் போயிருந்தது.

“நகர்ந்துச்சா?”

“நகர்ந்துச்சு.”

“பூஜ்யத்தை வச்சு இதைச் செஞ்சு காட்டுங்க சார், பார்ப்போம்.”