பண்டிதர் எட்டு நாள் போட்ட கோடு

செங்காட்டு ஜமீன் அரண்மனையில் வேலை பார்க்கும் வெள்ளைத்தாயி அவசரக்காரி. கல்யாண மண்டபத் தூணில் அழுக்கு என்று நினைத்து அவள் அழுத்தித் துடைத்தது, சோதிலிங்கப் பண்டிதர் எட்டு நாள் கணக்குப் போட்டு, அடியிலிருந்து உச்சிவரை ஒரு சுற்றாக வளைத்து வரைந்திருந்த காவிக் கோடு.

பண்டிதர் ஜமீன்தாரைக் கூட்டிவந்து காட்டினார். "பொழுது சாய்வதற்குள் இவளே வரையட்டும். இல்லையென்றால் வேலையை விட்டுப் போகட்டும்" என்றவர், ஒரு நேர்கோலை அவள் முன் போட்டார். "இதை வைத்துத்தான் வரைய வேண்டும்."

"எனக்குக் கோலமே கோணலாத்தான் வரும், சாமி" என்று முனகிய வெள்ளைத்தாயி, ஒரு பழைய வேட்டியைத் தூணின் உயரத்துக்கும் ஒரு சுற்றுக்கும் சரியாகக் கிழித்தாள். தரையில் விரித்து, கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்குக் கோலை நகர்த்தி நகர்த்திக் காவியால் நேராக ஒரு கோடு இழுத்தாள். ஈரம் காயுமுன் தூணில் சுற்றி அழுத்தி எடுத்தாள். கோடு அழகாக வளைந்து ஏறி உச்சியைத் தொட்டது.

"எப்படி வளைச்சே?" என்றார் ஜமீன்தார்.

"வளைக்கிற புத்தியெல்லாம் எனக்கு ஏது எசமான்? நான் நேராத்தான் போட்டேன். தூணு உருண்டையா இருக்குதுல்ல, அது வளைச்சுக்கிச்சு."

ஜமீன்தார் திரும்பினார். "எட்டு நாளா என்னய்யா செஞ்சீர்?"

பண்டிதர் தூணைச் சுற்றிவந்து கோட்டில் கோணல் தேடினார்.

"மிச்சம் பதினொரு தூணையும் இவளே முடிக்கட்டும்" என்றார் ஜமீன்தார்.

"எனக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டு, வெள்ளைத்தாயி காவி குழைக்க உட்கார்ந்தாள்.