ஈரம் காயாத ஆணை

இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருந்த ஒரு பழைய நகரத்தில் உர்சாகா என்பவர் கால்வாய் மேற்பார்வையாளராக இருந்தார். வயது ஐம்பத்திரண்டு. அந்த வயதில்தான் எழுத்துப் படிக்கத் தொடங்கினார். ஏழு மாதமாக நகரத்துக்கு வெளியே நின்கல்லாவின் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தார். ஆசிரியை அவரைவிடப் பதினொரு வயது இளையவர்.

இதுவரை இருநூற்றுப் பதினான்கு குறிகள் படித்திருந்தார்.

அன்று காலை ஈரத் துணியில் சுற்றிய ஒரு களிமண் பலகையோடு வந்தார்.

"அம்மா, அரண்மனை ஆணை. நானே படித்துவிட்டேன்."

"எத்தனை இடத்தில் தடுக்கியது?"

"ஒரே இடத்தில். ஊரின் பெயரில்."

"கடினமான குறியா?"

"எளிய குறிதான். எதூரு. என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். மூன்று முறை படித்தேன். வேறு ஊராக மாறவில்லை."

எதூரு மக்கள் சோம்பேறிகள் என்றது ஆணை. பாதி வயலை முள்ளுக்கு விட்டிருக்கிறார்கள். இனி எல்லா வயலிலும் ஆண்டுதோறும் விதைக்க வேண்டும். அதற்குத் தண்ணீர் திறந்துவிட வேண்டும்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஓர் ஆண்டு விதைத்த வயலை மறு ஆண்டு சும்மா விடுவார்கள். முள்செடிகள் முளைத்து, ஆழமாக வேர்விட்டு, அடியில் தேங்கிய நீரைக் குடித்துவிடும். உப்பு கீழேயே கிடக்கும். ஆண்டுதோறும் பாய்ச்சினால் அடியிலிருந்து ஈரம் ஏறும். கூடவே உப்பும் ஏறி வயல் பாழாகும். உழுகிறவர்களுக்கு இது தெரியும். அரண்மனையிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு முள்செடி மட்டும் தெரிந்தது.

உர்சாகாவின் கழுத்தில் ஓர் உருளை முத்திரை தொங்கியது. அதைப் பலகையில் உருட்டினால்தான் ஆணை செல்லும். நண்பகலில் தூதன் வருவான். மண் காய்ந்துவிட்டால் முத்திரை பதியாது.

"முத்திரை வைக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டார் உர்சாகா.

நின்கல்லா பானையிலிருந்து ஒரு கை நீர் எடுத்துத் துணியின்மேல் தெளித்தார்.

"வைக்காவிட்டால் என் பதவி போகும், அம்மா."

"போகும்."

"அடுத்து வருகிறவன் வைப்பான்."

"வைப்பான். உங்கள் உதவியாளன் இப்போதே கழுத்தில் முத்திரைக் கயிற்றைக் கட்டி அளவு பார்த்துக்கொண்டிருப்பான்."

உர்சாகா சிரிக்கவில்லை.

"இதற்கு முன் எத்தனை ஆணைக்கு முத்திரை வைத்தீர்கள்?" என்று கேட்டார் நின்கல்லா.

"ஒன்பது."

"அவற்றில் என்ன எழுதியிருந்தது?"

"அப்போது எனக்குப் படிக்கத் தெரியாதே!" அதைச் சொல்லும்போது அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

"வாசலுக்கு வெளியே பாருங்கள். ஏழு மாதமாக இந்த வழியாகத்தானே வருகிறீர்கள். இது எந்த ஊர்?"

"ஊரா? வெறும் உப்புத் தரை."

"நாற்பத்தொரு வீடு இருந்தது. உங்கள் முதல் முத்திரை."

உர்சாகா பார்த்தார். வெண்மையாகப் பொருக்குத் தட்டிய தரை. தூரத்தில் இரண்டு குட்டிச்சுவர்கள். அவை எப்போதும் அங்கேதான் இருந்தன.

வெயில் ஏறியது. துணியின் ஓரம் வெளிறத் தொடங்கியது. நின்கல்லா மறுபடி பானையில் கைவிட்டார்.

"விடுங்கள், அம்மா. காயட்டும்."

"ஏன்?"

"மண் காய்ந்துவிட்டது, முத்திரை பதியவில்லை என்று சொல்லிவிடலாம்."

"நாளைக்கே புதுப் பலகை வரும்."

"வரட்டும். இன்றைக்கு நான் வைத்ததாகவும் இருக்காது, மறுத்ததாகவும் இருக்காது."

நின்கல்லா இரண்டு கை நீர் தெளித்தார். பலகை நன்றாக ஈரமானது.

"உங்களுக்கு இரக்கமே கிடையாதா?" உர்சாகாவின் குரல் உயர்ந்தது. "நான் உருட்டியவன், அவ்வளவுதான். அந்த ஒன்பதையும் எழுதினானே, அவனைப் பிடித்துக் கேளுங்கள்!"

"நான்தான் எழுதினேன்."

உர்சாகா அவர் பக்கம் திரும்பினார்.

"தெரிந்தேயா?"

"படிக்கத் தெரியாமல் எப்படி எழுதுவது?"

"பிறகு ஏன் எழுதுவதை விட்டீர்கள்?"

"ஒன்பதாவது, என் அப்பாவின் ஊர். அதை எழுதிக் கொடுத்துவிட்டுக் கை வலிக்கிறது என்று சொன்னேன். நம்பினார்கள். எழுதும் நாணலை வேறொருவனிடம் கொடுத்தார்கள். பாருங்களேன், இந்தப் பலகையில் ஒரு வரியாவது நேராக இருக்கிறதா?"

"கை வலித்ததா?"

"இல்லை."

வெளியே தூதனின் கழுதை மணி கேட்டது. உர்சாகா முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் விலகி என்ன ஆயிற்று? பத்தாவது ஆணை வந்துவிட்டதே."

"வந்துவிட்டது."

"அப்படியென்றால் இத்தனை நாள் நீங்கள் செய்ததுதான் என்ன?"

நின்கல்லா துணியைப் பிரித்து, ஈரப் பலகையை அவர் முன்னால் வைத்தார்.

"முத்திரை வைக்கிறவருக்குப் படிக்கக் கற்றுக் கொடுத்தேன்."