குடைக்கு இரண்டு புழு

மழை ஓயாத ஒரு காட்டில் வித்தகன் என்ற நரி இலைக்குடை விற்று வந்தது. குடைக்கு ஒரு தேனடை விலை. குரங்குகளுக்கு நனையப் பிடிக்காது. குடையைக் கிழிக்க மிகவும் பிடிக்கும். ஆகவே வியாபாரம் ஓகோவென்று நடந்தது.

குடை தைத்தவை அந்தக் காட்டுத் தையல்சிட்டுகள். கூலி, குடைக்கு ஐந்து புழு. "மதியம் சற்று ஓய்வும் வேண்டும்" என்று அவை கேட்டதும் நரிக்குக் கசந்தது. இலைக்கட்டைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்து முட்காட்டுக்குப் போனது.

அங்கே கடும் வறட்சி. செவ்வந்தி என்ற தையல்சிட்டின் கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்தபடி இருந்தன.

"குடைக்கு இரண்டு புழு" என்றது நரி.

"அக்கரையில் ஐந்து என்கிறார்களே, அண்ணே?"

"அது அக்கரை விலைவாசி, தங்கச்சி. உலகப் பொருளாதாரம் உனக்குப் புரியாது."

ஒன்றும் இல்லாததற்கு இரண்டு மேல் என்று செவ்வந்தி ஒப்புக்கொண்டது. நாள் முழுக்கத் தைத்தால் ஒரு குடை. இரண்டு புழு, மூன்று குஞ்சு. தினமும் ஒன்று பட்டினி.

"மூன்றாகக் கொடுங்கள், அண்ணே."

"மலைக்கு அப்பால் ஒரு புழுவுக்கே தைக்கிறார்கள். அங்கே போய்விடட்டுமா?"

செவ்வந்தி மறுபடி தைக்க உட்கார்ந்தது. பிறகுதான் யோசித்தது. மலைக்கு அப்பால் போக நரிக்குத்தான் மூன்று நாள் நடை. தனக்குச் சிறகு இருக்கிறதே!

மலைக்கு அப்பால் ஒரு சிட்டு மும்முரமாகக் குடை தைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு புழுவுக்கா தைக்கிறீர்கள்?"

"யார் சொன்னது? இரண்டு. மூன்று கேட்டேன். முட்காட்டில் யாரோ ஒரு புழுவுக்குத் தைக்கிறாளாம், நரி சொன்னது. அவள் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!"

"கிடைத்துவிட்டாள். நான்தான்."

இரண்டும் சிரித்த சிரிப்பில் தையல் நூல் அறுந்தது. பிறகு ஆற்றைத் தாண்டிப் பறந்து, வேலை இழந்த சிட்டுகளிடமும் பேசின.

அடுத்த முறை நரி வந்தபோது செவ்வந்தி சொன்னது: "ஐந்து புழு. மதியம் ஓய்வு."

"நான் மலைக்கு அப்பால் போகிறேன்!"

"பார்த்துப் போய் வாருங்கள், அண்ணே."

நரி மூன்று நாள் நடந்தது. அங்கேயும் ஐந்து. திரும்பி வந்து சொந்தக் காட்டில் கேட்டது. அங்கேயும் ஐந்து, ஓய்வும் உண்டு. அதற்குள் மழை இன்னும் வலுத்தது. "குடை எங்கேடா?" என்று குரங்குகள் நரியின் வளையைச் சூழ்ந்து கத்தின. நனைந்த நரி மூன்று இடத்துக்கும் இலை அனுப்பியது.

அன்று செவ்வந்தியின் கூட்டுக்கு ஐந்து புழு வந்தது. குஞ்சுகள் மூன்றைத் தின்றன. மீதி இரண்டைச் செவ்வந்தி தின்றது.

நீதி: உழைப்பவர்களை ஒருவருக்கு ஒருவர் காட்டி மிரட்டிக் கூலியைக் குறைப்பவனின் சாமர்த்தியம், அவர்கள் சந்தித்துப் பேசும் வரைதான்.