யாருக்கு என்று கேட்கக் கூடாத அரண்மனை

வெண்கரை நாட்டு மன்னர் இளமாறருக்கு எல்லாம் இருந்தது, பொறுமை மட்டும் கிடையாது. அவருடைய ஓலை மண்டபத்துத் தலைவன் பூவணனுக்கோ பொறுமையைத் தவிர வேறு சொத்து கிடையாது.

அந்த மண்டபத்தில் யானைக்கு ஓர் அடுக்கு, குதிரைக்கு ஓர் அடுக்கு, அவையோருக்கு ஓர் அடுக்கு. ஒவ்வொருவருக்கும் ஓர் ஓலை. பன்னிரண்டு எழுத்தர்கள் இருந்தார்கள். நல்ல பிள்ளைகள். சொன்னதை எழுதுவார்கள், சொல்லாததை நினைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெயர் சொல்லாவிட்டால் அடுக்கிலுள்ள ஓலை அத்தனையிலும் எழுதிவிடுவார்கள். புதிய ஓலையைக் கோத்ததும் பழையதை வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவார்கள். பிறகு அழுதாலும் திரும்பி வராது.

அதனால்தான் பூவணன் எந்தக் கட்டளைக்கும் முதலில் ஒரு கேள்வி கேட்பான்: "யாருக்கு, அரசே?"

"யானைக்கு ஓய்வு கொடு" என்பார் மன்னர்.

"எந்த யானைக்கு? அறுபது வயது தாண்டியவற்றுக்கா? கால் நொண்டுகிறதே, அதற்கு மட்டுமா? முதலில் பட்டியல் எடுத்து வாசித்துக் காட்டட்டுமா?"

மன்னர் பல்லைக் கடிப்பார். பக்கத்தில் நிற்கும் அமைச்சர் வில்லவராயர் உச்சுக்கொட்டுவார். அவருக்குப் பூவணனைக் கண்டாலே ஆகாது. அவனுடைய இடத்தில் தம் மைத்துனரை உட்கார வைக்க வெகு நாளாகக் காத்திருந்தார்.

"இது கேள்வியா அரசே? உங்கள் மனதில் இருப்பது இவனுக்குத் தெரியாதாமா?" என்று ஒருநாள் ஊதிவிட்டார்.

அவ்வளவுதான். மன்னர் எழுந்தார். "இன்று முதல் இந்த அரண்மனையில் எவனும் 'யாருக்கு' என்று கேட்கக் கூடாது. கேட்டால் கோட்டைக்குள் அவனுக்கு இடமில்லை!"

மறுநாளே வந்தது வினை. "குதிரைக்குப் புதுச் சேணம் போடச் சொல்" என்றார் மன்னர்.

இருபது வருடப் பழக்கம், நாக்கு சும்மா இருக்குமா? "எந்தக் குதிரைக்கு..." என்று தொடங்கிவிட்டான் பூவணன்.

மன்னர் முகம் சிவந்தது. "போ! உன் மண்டபத்துக்கே போ. அவையோர் அடுக்கில் 'கோட்டைக்குள் நுழையத் தடை' என்று எழுதச் சொல். இப்போதே!"

பூவணனுக்கு வேலை, வீடு, மனைவி மக்கள் எல்லாம் கோட்டைக்குள்தான். ஆனாலும் வாய் மறுபடி திறந்தது. கேட்பதா? ஒரு முறை கேட்டதற்கே இந்தக் கதி! வாயை இறுக மூடிக்கொண்டு, மன்னர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுத்தர்களிடம் சொல்லிவிட்டு, பெட்டி படுக்கையோடு வெளியேறினான்.

மறுநாள் காலை. மன்னர் குதிரைச் சவாரி முடித்து வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினார். காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"என்னடா இது? நான் யார் தெரிகிறதா?"

"தெரிகிறது மகாராஜா. ஆனால் உள்ளே விட முடியாது." காவலன் ஈட்டியை விலக்கவில்லை. "போன மாசம் ஒரு கூத்தாடி உங்கள் வேஷத்தில் வந்து சமையல்கட்டு வரை போய்விட்டான். 'முகத்தை நம்பாதே, ஓலையை நம்பு, மீறினால் தலை போகும்' என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அவையோர் அடுக்கில் முதல் ஓலை உங்களுடையது. தடை என்று இருக்கிறது."

மன்னர் திரும்பிப் பார்த்தார். வேலையாக வெளியே போய்த் திரும்பிய அவையோர் மொத்தமும் புங்கமர நிழலில் நின்றார்கள். வில்லவராயர் தலைப்பாகை இல்லாமல் நின்றார். ஆற்றங்கரைக்குக் குளிக்கப் போனவரையும் திரும்ப உள்ளே விடவில்லை. ஓரமாகப் பூவணன் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவல் தின்றுகொண்டிருந்தான்.

பசியும் வெயிலும் சேர்ந்தால் மன்னர் தாங்குவாரா? மண்டபத்துச் சன்னலை நோக்கிக் கத்தினார். "அடேய் எழுத்தர்களா! அவையோர் அடுக்கில் 'நுழையலாம்' என்று எழுதித் தொலையுங்கள்!"

எழுதித் தொலைத்தார்கள். கதவு திறந்தது. மன்னர் நுழைந்தார். வில்லவராயரும் அவையோரும் ஓடினார்கள். பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பூவணனும் நிதானமாக வந்தான்.

"நீ எங்கே வருகிறாய்?"

"ஓலையில் அனுமதி இருக்கிறதே, அரசே."

"நான் எனக்கு மட்டும்தான் சொன்னேன்!"

"இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள எவருக்கும் உரிமை இல்லையே."

அதற்குள் வாசல் பக்கமிருந்து ஒரு சத்தம். தகர டப்பாவைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. மன்னர் காதைப் பொத்தினார். "ஐயோ! அந்தப் பாடகன்! மூன்று வருடம் முன்பு ஆயுள் தடை போட்டேனே!"

"அவரும் அதே அடுக்குதான், அரசே. நல்ல வேளை, இன்று ஒருவர்தான். இன்னும் யார் யாருக்குத் தடை போட்டிருந்தீர்கள் என்று பழைய ஓலைகளைப் பார்த்தால் தெரியும். ஆனால் அந்த ஓலைகள் நேற்றே உங்கள் குளியல் வெந்நீருக்கு எரிந்துவிட்டன."

மன்னர் ஒரு கணம் அவனை முறைத்தார். பிறகு சிரித்தார். குதிரையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "தப்பு என்னுடையதுதான், பூவணா. இனி நீ ஆயிரம் முறை கேள். உன் மண்டபம் உனக்கே!" சிரிப்பு அடங்காமலே எழுத்தரைக் கூப்பிட்டார். "எழுது! அவையோர் அடுக்கில், 'அரண்மனைத் தோட்டத்திலிருந்து தினமும் ஒரு கூடை மாம்பழம்!'"

அவை சட்டென்று அமைதியானது. பூவணன் மட்டும் வாயைத் திறந்தான். பக்கத்திலிருந்த இருவர் அவன் வாயைப் பொத்தினார்கள். வில்லவராயர் எழுத்தரின் காதில், "இதுவே போதும், ஓடு, ஓடு!" என்றார்.

மன்னர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாருக்கும் நாக்கில் எச்சில் ஊறியிருந்தது.

"நில்லடா!" என்றார் மன்னர். "பூவணனுக்கு. பூவணனுக்கு மட்டும்!"